மூன்று கம்பெனிகள், ஒரு கட்டளை



கடந்த தவணை முடியும் தறுவாயில் ஆறாம் ஆண்டு மாணவர்களின் அறிவியல் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவனின் புத்தகப் பின்னட்டையில் வரிசையாகச் சில எண்கள். பக்கத்தில் எஃகுத் தொப்பி அணிந்த ஒரு சிப்பாயின் படம். படம் அழகாகவே இருந்தது. மறுநாள் அழைத்து விசாரித்தபோது, அவை இரண்டாம் உலகப் போரில் போரிட்ட ஜெர்மானிய டிவிஷன்களின் எண்கள் என்றான். கணினி விளையாட்டில் கற்றுக்கொண்டானாம். எந்த டிவிஷனிடம் எத்தனை பீரங்கிகள் இருந்தன, எது எந்த நகரைப் பிடித்தது என்பதையெல்லாம் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பித்தான். முடிவில், "டீச்சர், உங்களுக்கு எந்த டிவிஷன் தெரியும்?" என்று கேட்டான்.

நான் பயிற்சிக் கழகத்தில் படித்த காலந்தொட்டு வரலாற்று நூல்களை விரும்பி வாசித்து வருபவள். ஆயினும் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த டிவிஷன் ஒன்று உண்டு. அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்காக எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகளே இக்கட்டுரை.

போர் என்றதும் நம் குடும்பங்களில் நினைவுக்கு வருவது ஜப்பான்காரன் காலமும் சயாம் மரண இரயில் பாதையும்தான். அந்தக் கதைகளை நாம் துன்பப்பட்டவர்களின் பக்கமிருந்து கேட்டு வளர்ந்தோம். ஐரோப்பியப் போரையோ நம் பிள்ளைகள் விளையாட்டின் வழியாக, துப்பாக்கி பிடித்தவனின் கண்கொண்டு பார்க்கிறார்கள். இந்த வேறுபாடு என்னை நெடுநேரம் உறுத்தியது.

முதலில் சில சொற்களை விளக்கிவிடுகிறேன். டிவிஷன் என்பது தனித்து நின்று போரிடக்கூடிய பெரும்படை. அன்றைய ஜெர்மானியக் காலாட்படை டிவிஷன் ஒன்றில் ஏறத்தாழ 15,000 பேருக்கு மேல் இருப்பர். அதனுள் மூன்று ரெஜிமெண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாலியன்கள். பட்டாலியனுக்குள் கம்பெனிகள். கம்பெனி என்பது நூற்றைம்பது, இருநூறு பேர் கொண்டது. அதன் தலைவருக்குத் தம் ஆட்களின் முகமும் பெயரும் தெரியும். நம் பள்ளி ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நான் சொல்லவரும் டிவிஷன் 339ஆவது காலாட்படை டிவிஷன். 1940 டிசம்பரில் ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியில் திரட்டப்பட்டது. 691, 692, 693 என்பவை அதன் ரெஜிமெண்டுகள். இது முன்னணிப் படையன்று. பிடிபட்ட நாடுகளைக் காவல் காப்பதற்காக அமைத்தது. வயது கூடியவர்கள், குடும்பஸ்தர்கள், ஏற்கெனவே ஒரு போரைப் பார்த்துவிட்டவர்கள் இதில் பலர். முதலில் பிரான்சில் காவல் பணி. 1941 ஜூன் 22 அன்று ஹிட்லர் சோவியத் யூனியன்மீது படையெடுத்த பிறகு, அவ்வாண்டுக் கோடையின் இறுதியில் கிழக்கே அனுப்பப்பட்டது. முன்னணி மாஸ்கோவை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. இவர்களுக்குக் கிடைத்த வேலை அதற்குப் பின்னால், இன்றைய பெலாருஸ் நாட்டில், சாலைகளையும் இரயில் பாதைகளையும் சிற்றூர்களையும் காப்பது.

அந்தச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக யூதர்கள் வாழ்ந்து வந்தனர். தையற்காரர், கொல்லர், சிறு வணிகர், பள்ளியாசிரியர். ஓடக்கூடிய இளைஞர் பலர் செஞ்சேனையோடு போய்விட்டிருந்தனர். எஞ்சியவர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே மிகுதி.

படையெடுப்புக்கு முன்பே, 1941 மே 13 அன்று, ஜெர்மானியத் தலைமையகம் ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. சோவியத் மண்ணில் பொதுமக்களுக்கு எதிராக ஜெர்மானியச் சிப்பாய் செய்யும் குற்றங்களை இராணுவ நீதிமன்றம் கட்டாயமாக விசாரிக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இத்தனைக்கும் ஒவ்வொரு ஜெர்மானியச் சிப்பாயின் சம்பளப் புத்தகத்திலும் பத்து நன்னெறிகள் அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தன. பொதுமக்களைத் துன்புறுத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. சட்டைப்பையில் ஒரு விதி, மேலிடத்தில் வேறொரு விதி.

அடுத்து நடந்ததுதான் ஒரு பயிற்சிப் பட்டறை. ஆம், நாம் விடுமுறையில் போய் வருகிறோமே, அதைப் போன்ற ஒன்றுதான். 1941 செப்டம்பர் 24 முதல் 26 வரை மொகிலெவ் நகரில், நடுவண் படைத்தொகுதியின் பின்புலப் பகுதித் தளபதி மாக்ஸ் வான் ஷெங்கன்டோர்ஃப் அதனை நடத்தினார். காடுகளில் மறைந்திருந்து தாக்கும் கெரில்லாக்களை ஒடுக்குவது எப்படி என்பது தலைப்பு. இராணுவ அதிகாரிகளும் காவல்துறையினரும் எஸ்.எஸ். அமைப்பினரும் ஒன்றாக அமர்ந்து கேட்டனர். எஸ்.எஸ். தலைவர்களான ஆர்தர் நேபெயும் பாக்-செலெவ்ஸ்கியும் உரையாற்றினர். கெரில்லா இருக்கும் இடத்தில் யூதன் இருப்பான், யூதன் இருக்கும் இடத்தில் கெரில்லா இருப்பான் என்பதே அங்கிருந்து எல்லாரும் எடுத்துச் சென்ற பாடம்.

செய்முறை விளக்கமும் இருந்தது. கினியாழிச்சி என்ற சிற்றூரைச் சுற்றி வளைத்துக் காட்டினார்கள். கெரில்லா ஒருவர்கூட அகப்படவில்லை. ஊரில் இருந்த யூதர்களில் 13 ஆண்களையும் 19 பெண்களையும் சுட்டுக் கொன்றார்கள். இதைப் பதிவு செய்திருப்பது அந்தக் காவல் பட்டாலியனின் சொந்த நாட்குறிப்பே. தேடியது கிடைக்கவில்லை என்பதையும் கொன்றது யாரை என்பதையும் அடுத்தடுத்து எழுதிவைத்த எழுத்தருக்கு அதில் ஒரு முரண்பாடும் தோன்றவில்லை போலும்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் முற்பகுதியில் 691ஆவது ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் தலைவர் மேஜர் ஆல்ஃப்ரெட் கொம்மிஹாவ் தமக்குக் கீழிருந்த மூன்று கம்பெனித் தலைவர்களுக்கும் ஒரே கட்டளையை அனுப்பினார். அவரவர் பகுதியில் உள்ள யூதர்கள் அனைவரையும் சுட்டுக் கொல்ல வேண்டும். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடில்லை.

நான் மீண்டும் மீண்டும் வாசித்த பகுதி இதற்குப் பிறகு வருவது. மூவரும் ஒரே பட்டாலியன். ஒரே மேலதிகாரி, ஒரே வாரம், ஒரே கட்டளை.

இரண்டாம் கம்பெனியின் தலைவர் ஹெர்மன் கூல்ஸ். நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினர். தயக்கமின்றிச் செய்து முடித்தார். அவரைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை.

முதல் கம்பெனியின் தலைவர் யோசெஃப் சிபில்லே. முதல் உலகப் போரில் பணியாற்றியவர். அவரும் நாஜிக் கட்சி உறுப்பினர்தான். தொழிலால் ஆசிரியர்! கட்டளை தொலைபேசியில் வந்தது. அவர் யோசித்தார். தம் பகுதியில் உள்ள யூதர்கள் கெரில்லாக்களோடு தொடர்புடையவர்கள் என்பதற்குத் தாம் எந்தச் சான்றையும் காணவில்லை என்பதும், முதியோரும் பெண்களும் குழந்தைகளும் படைக்கு எந்த ஆபத்தும் விளைவிக்கக் கூடியவர்கள் அல்லர் என்பதும் அவர் முடிவு. தம் கம்பெனி இதைச் செய்யாது என்று மேஜரிடம் சொல்லிவிட்டார். மேஜர் விடவில்லை. மறுபடியும் அழைத்து, ஒரு முறையேனும் நெஞ்சைக் கடினமாக்கிக்கொள்ள எப்போதுதான் முடியும் என்ற பொருளில் கேட்டார். இந்த விஷயத்தில் ஒருபோதும் முடியாது என்பதே சிபில்லேயின் விடை.

அவருக்கு என்ன ஆயிற்று என்றுதானே கேட்பீர்கள்? மென்மையானவர் என்று பெயர் வாங்கினார். அவ்வளவே. சுடப்படவில்லை, சிறையில் அடைக்கப்படவில்லை, இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படவும் இல்லை.

மூன்றாம் கம்பெனியின் தலைவர் கேப்டன் ஃபிரீட்ரிஷ் நொல். என் மனத்தை விட்டு அகலாதவர் இவர்தான். இவர் கொடியவராகத் தெரியவில்லை. கட்டளை அவரைக் கலங்க வைத்தது. தம் கீழ்நிலை அதிகாரிகளோடு பேசினார், காலம் கடத்தினார். கடைசியில், இந்தக் கட்டளையை எழுத்தில் தாருங்கள் என்று மேலிடத்தைக் கேட்டார். எழுத்து வந்தது. க்ருச்சா என்ற ஊரிலுள்ள யூதர்களைச் சுட வேண்டும் என்ற ஒற்றை வாக்கியம், கீழே கொம்மிஹாவின் பெயர். தாள் கைக்கு வந்ததும் நொல்லின் தயக்கம் தீர்ந்துபோயிற்று. தம் கம்பெனியின் மூத்த சார்ஜண்ட் எமில் சிம்பரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். சுடும் இடத்திற்கு அவர் போகவில்லை.

1941 அக்டோபர் 10 அன்று க்ருச்சாவின் யூதர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு ஊர் நடுவில் கூட்டப்பட்டனர். அங்கிருந்து குழுக்குழுவாகக் காட்டோரம் அழைத்துச் செல்லப்பட்டுச் சுடப்பட்டனர். ஏறத்தாழ 150 பேர். சுடுவோர் வரிசையில் நின்ற சிப்பாய்களில் சிலர் தங்களை விடுவிக்கும்படி சார்ஜண்டிடம் கேட்டனர். அவரும் விடுவித்தார். ஆனால் வீட்டுக்கா அனுப்பினார்? ஊர் நடுவில் காத்திருந்தவர்களைக் காவல் காக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. துப்பாக்கியின் விசையை இழுக்க மறுத்தவர்களும் அன்றைய வேலையின் ஒரு பகுதியைச் செய்துதான் தீர்த்தார்கள்.

"எழுத்தில் தாருங்கள்" என்ற சொற்றொடரை அரசுப் பணியில் இருக்கும் நாம் நன்கறிவோம். நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியில், தேர்வு நாளன்று மிகப் பின்தங்கிய மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவேண்டாமென்று சொல்லிவிடும்படி எனக்கு வாய்மொழியாக உத்தரவு வந்தது. தேர்ச்சி விகிதம் குறையுமாம். எழுத்தில் தாருங்கள் என்றேன், பெரிய துணிச்சலாக எண்ணிக்கொண்டு. கடிதம் வரவில்லை. அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. வேறு யாரோ அந்தப் பெற்றோர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. க்ருச்சாவோடு இதை ஒப்பிடுவது அபத்தம். ஒப்பிடவும் இல்லை. நொல் அந்தத் தாளைக் கேட்டபோது அவர் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கையில் அந்த நாற்காலிகள் நினைவுக்கு வந்தன, எழுதிவிட்டேன்.

போருக்குப் பிறகு நொல்லும் சிம்பரும் மேற்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். நாங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தோம் என்பதே அவர்களின் வாதம். அன்றைய ஜெர்மானிய இராணுவத் தண்டனைச் சட்டத்தின் 47ஆம் பிரிவை இங்கே கூற வேண்டும். கட்டளையின் நோக்கம் குற்றம் என்று தெரிந்தும் அதை நிறைவேற்றுபவன் தானும் தண்டனைக்குரியவன் என்கிறது அது. ஹிட்லரின் ஆட்சி அதை நீக்கவில்லை. போர் முடியும்வரை நடைமுறையில் இருந்த சட்டம் அது. ஆகவே எழுத்தில் வந்த தாள் நொல்லைக் காப்பாற்றவில்லை. 1954இல் நொல்லுக்கு நான்கு ஆண்டும் சிம்பருக்கு மூன்று ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டுக்குப் பின் 1956இல் அவை மூன்றாகவும் இரண்டாகவும் குறைந்தன. நூற்றைம்பது உயிர்களுக்கு மூன்று ஆண்டு. கணக்குப் பாடம் நடத்துபவள் என்ற முறையில் இதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

சிபில்லே மறுத்த செய்தி நமக்குப் பெரும்பாலும் அவரே 1953இல் எழுதிய கடிதத்தின் வாயிலாகத்தான் கிடைக்கிறது. தன்னைப் பற்றித் தானே எழுதும் எவருடைய சொல்லையும் ஓரளவு எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும் என்று என் வகுப்பில் சொல்வேன். ஆனால் இதில் அடிப்படையான செய்தி நிற்கிறது. மூன்று தலைவர்கள் மூன்று விதமாக நடந்துகொண்டதைத்தான் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் ஆராய்ந்தனர். அமெரிக்க ஆய்வாளர் வெயிட்மன் பியோர்ன் இந்தப் பட்டாலியனைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அமெரிக்காவில் இராணுவ அதிகாரிப் பயிற்சி மாணவர்களுக்கு இந்நிகழ்ச்சியைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

மறுத்திருந்தால் அவர்களையே சுட்டிருப்பார்கள் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் நீண்ட காலம் அப்படியே நம்பினேன். போருக்குப் பின் ஜெர்மானிய நீதிமன்றங்களில் நடந்த நூற்றுக்கணக்கான வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர்களும் அவர்களின் வழக்குரைஞர்களும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தேடி அலைந்தார்கள். ஆயுதமற்ற பொதுமக்களைச் சுட மறுத்ததற்காகக் கொல்லப்பட்ட ஒரு ஜெர்மானியரைக்கூட அவர்களால் நிறுவ முடியவில்லை. பதவி உயர்வு போயிற்று, கேலிக்கு ஆளானார்கள், வேறிடத்திற்கு மாற்றப்பட்டார்கள். உயிர் போகவில்லை. அன்று அந்தக் காட்டோரத்தில் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி. அச்சம் உண்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் சிபில்லேயின் கம்பெனி அதே பட்டாலியனைச் சேர்ந்ததாயிற்றே!

இச்செய்திகள் ஜெர்மனியிலேயே நெடுங்காலம் பரவலாகப் பேசப்படவில்லை. போருக்குப் பின் தளபதிகள் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள். இராணுவம் கண்ணியமாகப் போரிட்டது, கொலைகளெல்லாம் எஸ்.எஸ். செய்த வேலை என்ற கருத்து வேரூன்றிவிட்டது. 1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் இராணுவத்தின் குற்றங்களைப் பற்றி ஒரு புகைப்படக் கண்காட்சியைத் தொடங்கியபோது நாடே கொந்தளித்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். சில படங்களுக்குத் தவறான விளக்கம் எழுதப்பட்டிருந்தது தெரியவந்து 1999இல் கண்காட்சி நிறுத்தப்பட்டது. ஆய்வுக் குழு ஒன்று 1,400க்கும் மேற்பட்ட படங்களைச் சரிபார்த்தது. பொருந்தாதவை இருபதுக்கும் குறைவு என்றும் அடிப்படைக் கூற்று சரியே என்றும் அறிவித்தது. திருத்திய வடிவில் 2001இல் கண்காட்சி மீண்டும் வந்தது. தம் தாத்தாவின் படம் சுவரில் இருக்குமோ என்று தேடி வந்தவர்களும் அதில் உண்டு என்று வாசித்திருக்கிறேன்.

339ஆவது டிவிஷனின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், என் மாணவனுக்கு வேண்டியது அதுதானே. கிழக்கு முன்னணியில் தேய்ந்து தேய்ந்து 1943 நவம்பரில் அது டிவிஷன் என்ற தகுதியை இழந்தது. 183, 217 ஆகிய மற்ற இரு டிவிஷன்களின் எச்சங்களோடு சேர்க்கப்பட்டு 'சி' படைத்தொகுப்பு என்று பெயர் பெற்றது. 1944 ஜூலையில் உக்ரேனின் புரோடி நகரருகே செஞ்சேனையின் முற்றுகைக்குள் சிக்கி அழிந்தது.

மறுநாள் ஓய்வு நேரத்தில் அந்த மாணவன் வந்தான். சிற்றுண்டிச்சாலை மூலையில் உட்கார வைத்துச் சொன்னேன். காட்டோரத்தில் நடந்ததைச் சுருக்கினேன், மறைக்கவில்லை. மூன்று தலைவர்களைப் பற்றிச் சொன்னபோது அவன் மீகூன் தட்டைத் தொடவே இல்லை. நொல்லை அவன் உடனே தீர்ப்பிட்டுவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது வேறு.

"டீச்சர், முதல் கம்பெனித் தலைவர் சுடலை. அப்ப அவர் ஊர்ல இருந்தவங்க பிழைச்சாங்களா?"

இதற்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. அதே அக்டோபர் 19 அன்று மொகிலெவ் நகரில் மட்டும் ஒரே நாளில் 3,726 யூதர்கள் கொல்லப்பட்டனர். கிழக்கு பெலாருஸின் சிற்றூர்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த சில மாதங்களில் வேறு படையினராலும் காவல்துறையினராலும் கொல்லப்பட்டார்கள். ஒரு கம்பெனி மறுத்ததால் அந்த இயந்திரம் நின்றுவிடவில்லை. இதையும் அவனிடம் சொன்னேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். "அப்பன்னா அவர் மறுத்து என்ன ஆச்சு?" என்றான்.

மணி அடித்துவிட்டது. அடுத்த பாட வேளை எனக்கு நான்காம் ஆண்டில். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினான். அந்தக் கேள்வி இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. உங்கள் வகுப்பில், அல்லது வீட்டில், ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? எனக்கு எழுதுங்கள். அவனுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.